பனிவிளக்கு உடைந்த படலம்

தென்காசியில் வீடு வைத்திருப்பவனுக்கு வருஷத்தில் ஒன்பது மாதம்தான் அது சொந்த வீடு. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் அது சொந்தக்காரர்களின் வீடு. மேற்கு மலையில் மேகம் இறங்கி, குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது என்று டி.வி.யில் ஒரு வரி ஓடினால் போதும். மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பாசம் பொங்கிக்கொண்டு கிளம்பிவிடும். “சும்மா உங்களைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்” என்பார்கள். சொல்லும்போதே கையில் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலும் இருக்கும்.

அப்படிப் பாசத்தோடு வந்தவர்களைப் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் ஏற்றி இறக்கியே எங்கள் காருக்கு வயதாகிவிட்டது. அதன் பின்சீட்டில் மனிதர்கள் உட்கார்ந்ததைவிட ஈரத்துணி உட்கார்ந்ததுதான் அதிகம். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, பாதி குளித்தும் குளிக்காமலும் ஓடிவந்து ஏறியவர்களின் புண்ணியத்தில், வெயில் நாளில் கதவைத் திறந்தால் தீபாவளி விடியற்காலை வாசனை வரும். தரைவிரிப்பில் இருக்கும் மங்குஸ்தான் கறைகளைப் பார்த்தே எந்த வருஷம் சீசன் நன்றாக இருந்தது என்று சொல்லிவிடலாம்.

2010-இல் வாங்கிய கார். 2025-இல் பதினைந்து வயது முடிந்தது. பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை வருகிறது, காருக்கு எஃப்.சி. வருகிறது. கறாராகச் சொன்னால் சொந்தக் காருக்கு வருவது எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று இல்லை, பதிவுச் சான்று புதுப்பித்தல். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, சொந்த உபயோகக் காரின் பதிவுக்குப் பதினைந்து வருஷம் ஆயுள் கொடுத்திருக்கிறது. அதற்குப் பிறகு படிவம் 25-ஐ நிரப்பி, வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்டி, தகுதியோடுதான் இருக்கிறது என்று ஆய்வாளர் சொன்னால், ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்கொள்ளலாம். ஆனால் எங்கள் ஊரில் யாரும் ‘பதிவுச் சான்று புதுப்பித்தல்’ என்று வாயைச் சிரமப்படுத்திக்கொள்வதில்லை. லாரியோ காரோ, “எஃப்.சி. காட்டணும்” என்றுதான் பேச்சு. மோட்டார் வாகன ஆய்வாளர் என்று அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறவரும் எங்களுக்குப் பிரேக் இன்ஸ்பெக்டர்தான்.

கட்டணம் முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரல் 1 முதல் அது 5,000 ஆனது. இருபது வயதைத் தாண்டிய கார் என்றால் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. வயதானவர்களைக் காப்பாற்றச் செலவு அதிகம் என்பதை அரசாங்கம் இவ்வளவு வெளிப்படையாக வேறெங்கும் ஒப்புக்கொண்டதில்லை. பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று இதெல்லாம் தனி.

பணத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்தக் கவலையை என் மனைவி எடுத்துக்கொண்டாள். என் கவலை முழுக்க இடது பக்கத்துப் பனிவிளக்கைப் பற்றியது.

பனிவிளக்கு என்றால் பம்பருக்குக் கீழே, ஹெட்லைட்டுக்குத் தம்பியாக உட்கார்ந்திருக்கும் சின்ன விளக்கு. ஊரில் ஃபாக் லைட் என்பார்கள். எங்கள் காரில் அது வந்ததே ஒரு கதை. வாங்கப் போனபோது அதே காரில் மூன்று தினுசு இருந்தது. முதல் தினுசு ஓடும். இரண்டாவது ஓடும், பாடும். மூன்றாவது ஓடும், பாடும், அதோடு இந்தப் பனிவிளக்கும் இருக்கும். மூன்றாவதைத்தான் எடுப்பது என்று அதைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு காரணம் தேட வேண்டியிருந்தது.

“செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவுல போயிட்டிருக்கோம். திடீர்னு பனி இறங்குது. என்ன செய்வ?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“பனி இறங்குற நேரத்துல நாம ஏன் புளியரைக்குப் போகணும்?” என்றாள்.

மூன்றாவது தினுசையே எடுத்தோம். அதற்கப்புறம் அந்த விளக்குகள் எரிந்த இடங்களைச் சொல்கிறேன். கல்யாண மண்டப வாசல்கள். காசி விசுவநாதர் கோயில் ரத வீதி. ஞாயிறு இரவுகளில் பரோட்டா சாப்பிடப் பிரானூர் பார்டர். பனி என்ற ஒன்றை அவை பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

அவற்றில் ஒன்றுதான் எஃப்.சி. நெருங்கிய நேரத்தில் உடைந்தது. எப்படி உடைந்தது என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு வரலாறுகள் இருக்கின்றன. பளபளவென்று கழுவி நிறுத்தியிருந்த காரில் தன் உருவத்தையே எதிரியாகக் கண்ட ஒரு கிடா முட்டிவிட்டது என்பது என் தரப்பு. வாசல் ஓரம் ஓய்வில் கிடக்கும் கல்லின்மேல் நான் வண்டியை ஏற்றினேன் என்பது மனைவியின் தரப்பு. நான் ஆடு என்கிறேன். அவள் ஆட்டுரல் என்கிறாள். முதல் பாதியில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

தெருவுக்கு விஷயம் தெரிந்தது. தெருவில் ஒருவன் வீட்டுப் பனிவிளக்கு உடைந்தால், அது தெருவின் பனிவிளக்கு. டீக்கடையில் ஓர் அண்ணாச்சி என் தோளில் கைவைத்து, “லைட் உடைஞ்ச வண்டியப் பாஸ் பண்ண மாட்டாங்க வே. ஸ்கிராப்புக்கு எழுதிருவாங்க” என்றார். பதினைந்து வருஷமானால் ஓட்டவே கூடாது என்று பேப்பரில் படித்ததாக இன்னொருவர் சொன்னார். அவர் படித்தது டெல்லிக் கதை. அங்கே டீசல் வண்டிக்குப் பத்து வருஷம், பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து வருஷம் என்று பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் கெடு வைத்தது உண்மைதான். அது டெல்லியின் காற்றுக்கு எழுதிய மருந்துச் சீட்டு. பொதிகைக் காற்று அடிக்கிற ஊருக்கு அது வராது. ஆய்வில் ஒரு குறை சொன்னாலும் அதைச் சரிசெய்து மறுபடி கொண்டுபோய்க் காட்டலாம். அன்றைக்கே வண்டியை எடைக்குப் போட்டுவிட மாட்டார்கள். இதெல்லாம் இப்போது எனக்குத் தெளிவாகத் தெரியும். அன்று ராத்திரி தெரியாது. இரண்டு தடவை எழுந்து போய் டார்ச் அடித்துக் காரைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு கண் பழுதான அந்த முகம், ‘என்னை விட்டுருவியா?’ என்று கேட்டது.

மறுநாள் சட்டத்தைப் படிக்க உட்கார்ந்தேன். பயந்தவன் வக்கீலாவது இயற்கை.

1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 62-ஆவது விதிக்கு ஓர் அட்டவணை உண்டு. வாடகை வண்டிகளின் எஃப்.சி.க்கு எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்ற பட்டியல். சொந்தக் காருக்கும் ஏறக்குறைய இதைத்தான் பார்ப்பார்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். ஹெட்லைட், பிரதிபலிப்பான், பல்பு, பின்னால் பார்க்கும் கண்ணாடி, ஹாரன், சைலன்சர், வைப்பர், புகை, பிரேக், ஸ்பீடாமீட்டர், ஸ்டியரிங் என்று யோக்கியமாகப் போகிற அந்தப் பட்டியலின் நடுவில், ‘மற்ற விளக்குகள்’ என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியில் என் தூக்கம் போய் மாட்டிக்கொண்டது. மற்ற விளக்குகள் என்றால் எவை? பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் மட்டுமா? பனிவிளக்கும் சேர்த்தியா? சட்டம் எழுதியவருக்கு இன்னும் இரண்டு சொல் செலவழிக்க மனமில்லாமல் போயிற்றே!

பிறகு இந்திய வாகனத் தரம் ஏ.ஐ.எஸ். 008 கண்ணில் பட்டது. எந்த வண்டியில் எந்த விளக்கு, எத்தனை, எங்கே, என்ன நிறம் என்று சொல்லும் சாஸ்திரம் அது. ஹெட்லைட் கட்டாயம். பிரேக் லைட் கட்டாயம். இண்டிகேட்டர் கட்டாயம். முன்பக்கப் பனிவிளக்கு? இருந்தால் இருக்கலாம். இருந்தால் இரண்டாக இருக்க வேண்டும். வெள்ளையோ மஞ்சளோதான் எரிய வேண்டும். தரையிலிருந்து 250 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. ஒரு கிடாவின் நெற்றிக்கு வசதியான உயரத்திலிருந்து அளவு தொடங்குவதை மனைவிக்குச் சுட்டிக்காட்டினேன். ஆட்டுரலுக்கும் அதே உயரம்தான் என்றாள்.

கட்டாயமில்லை என்று படித்ததும் முதலில் சந்தோஷம் வந்தது. அதன் பின்னாலேயே ஒரு துக்கமும் வந்தது. ‘இருந்தால் இருக்கலாம்’ என்ற ஒரு பொருளுக்கா பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவ்வளவு பணம் கொடுத்தேன்?

லண்டனில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்குப் போன் போட்டேன். அங்கே கார் மூன்று வயதானதுமே எம்.ஓ.டி. என்று ஒரு சோதனை. அப்புறம் வருஷா வருஷம். “ஃபாக் லைட்டெல்லாம் பாப்பாங்களா?” என்றேன். அங்கே பின்பக்கப் பனிவிளக்கு ஒன்று கட்டாயமாம். 1980 ஏப்ரல் முதல் ஓட ஆரம்பித்த வண்டி எல்லாவற்றிலும் பார்ப்பார்களாம். முன்பக்க விளக்கை 2018 மே மாதம் வரை சோதனையில் சேர்க்கவே இல்லை. சேர்த்த பிறகும், 2018 மார்ச் 1 முதல் சாலைக்கு வந்த வண்டிகளுக்கு மட்டும்தான். “உங்க வண்டி 2010-தானேண்ணே? இங்க இருந்திருந்தா அதைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்” என்றான். தென்காசியில் பிறந்ததற்காக என் காருக்கு முதன்முதலாக வருத்தம் ஏற்பட்டிருக்கும்.

இந்த நேரத்தில் எதிர்வீட்டு இயற்பியல் சார் வந்தார். ஓய்வு பெற்று வெகுநாளாகிறது. வகுப்பில்லாத வாத்தியாருக்கு வழியில் போகிறவன் எல்லாம் மாணவன். ஹெட்லைட் வெளிச்சம் மேலே இருந்து பனியில் விழும்போது நீர்த்துளிகள் அதைச் சிதறடித்து நம் கண்ணுக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. அதனால்தான் பனிவிளக்கைத் தாழ வைத்து, வெளிச்சத்தை மேலே எழாமல் வெட்டி, அகலமாகச் சாலையில் படரவிடுகிறார்கள் என்று விளக்கினார். மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைக்கும்தானே சார் என்றேன். பிரான்ஸ்காரர்கள் 1930-களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை ஹெட்லைட்டையே மஞ்சளாக்கி வைத்திருந்தார்கள் என்றார். ஆனால் பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. மஞ்சளோ வெள்ளையோ ஒரே மாதிரிதான் சிதறும். நிறத்தில் ஒன்றும் இல்லை, வைக்கிற உயரத்திலும் வெட்டுகிற கோணத்திலும்தான் எல்லாம் இருக்கிறது. “புரிஞ்சுதா?” என்றார். புரிந்தது என்றேன். “அப்ப நீங்க திருப்பிச் சொல்லுங்க” என்றார். அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன்.

அதை நான் சரியாகக் கேட்டிருந்தால் என் மச்சினன் செய்த காரியத்தைத் தடுத்திருக்கலாம். அவன் விஷயத்தைக் கேள்விப்பட்டு, “அத்தான், இதுக்குப் போயா?” என்று ஒரு அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினான். பெட்டிக்குள் இரண்டு எல்.ஈ.டி. விளக்குகள். பனிவிளக்குக் குழியில் அவை சேரவில்லை. ஆகவே பம்பருக்கு மேலே, நம்பர் பிளேட்டுக்கு இரண்டு பக்கமும் துவாரம் போட்டு மாட்டினான். “இனி இன்ஸ்பெக்டர் பழசப் பாக்கவே மாட்டாரு. கண்ணு இதுலதான் நிக்கும்” என்றான். நியாயமாகப் பட்டது.

சோதனை ஓட்டம் போக வேண்டும் என்றான். இருட்டின பிறகு புறப்பட்டோம். முதலில் பிரானூர். அது திருவிதாங்கூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் எல்லையாக இருந்த காலத்தில்தான் அதற்குப் பார்டர் என்று பெயர் வந்தது. 1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை நம் பக்கம் சேர்ந்து, எல்லை மேற்கே புளியரைக்கு அப்பால் நகர்ந்துவிட்டது. பரோட்டா மட்டும் பழைய எல்லையிலேயே நின்றுவிட்டது. அதற்குரிய மரியாதையைச் செலுத்திவிட்டு, கொல்லம் சாலையில் புளியரை எஸ் வளைவுக்கு ஏறினோம். அன்று என் அதிர்ஷ்டம், நிஜமாகவே பனி. பதினைந்து வருஷமாக நான் மனைவிக்குச் சொல்லிப் பயமுறுத்திய அந்தப் பனி கடைசியில் என்னைத் தேடி வந்தேவிட்டது.

“போடுங்க அத்தான்!” என்றான். போட்டேன்.

சாலை காணாமல் போயிற்று. கண்ணாடிக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்த சுவர் ஒன்று எழும்பி நின்றது. உயரமும் கோணமும் என்று இயற்பியல் சார் சொன்னது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது; திருப்பிச் சொல்லக்கூடத் தயாராக இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்தது, டிம் அடித்தது, பிறகு நின்றேவிட்டது. டிரைவர் தலையை வெளியே நீட்டி மலையாளத்தில் ஒரு பத்தி பேசினார். எனக்கு மலையாளம் தெரியாது. ஆனால் ஒரு சொல்கூட விளங்காமல் போகவில்லை.

வீடு திரும்பி மறுபடியும் விதிப்புத்தகம். 106-ஆவது விதி கிடைத்தது. முன்பக்கம் வெளிச்சம் காட்டும் எந்த விளக்கானாலும் அதன் ஒளி நிரந்தரமாகக் கீழ்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். எந்த அளவுக்கு? விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு மனிதக் கண் இருந்தால், அந்தக் கண் கூசக் கூடாது. 111-ஆவது விதி இன்னும் கறார்: முன்அனுமதி இல்லாமல் முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் எதையும் மாட்டவே கூடாது. உடைந்த பனிவிளக்கைப் பற்றி வாயைத் திறக்காத சட்டம், கண்ணைக் கூசவைக்கும் விளக்கைப் பற்றி இவ்வளவு விரிவாகப் பேசுகிறது. சட்டம் பேசாமல் விட்டதை விட்டுவிட்டு, அது பேசியதை நாங்கள் வாங்கி மாட்டியிருந்தோம்.

மச்சினன் ஒப்புக்கொள்ளவில்லை. “டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம் அத்தான். அளந்து பாத்தா சரியாத்தான் இருக்கும்” என்றான். தையல் டேப்பை எடுத்து வந்தோம். தையல் டேப்பின் நீளம் சரியாக ஒன்றரை மீட்டர் என்பது அப்போதுதான் கவனத்துக்கு வந்தது. தெருவில் அதை ஐந்து முறை புரட்டிப் போட்டு, இன்னும் அரை மீட்டர் சேர்த்தால் எட்டு மீட்டர். அந்த இடத்தில் மனைவியை நிறுத்தினோம். பக்கத்தில் டேப்பை நிமிர்த்திப் பிடித்தால், டேப் முடிகிற இடத்தில் அவள் கண் இருந்தது. 1989-இல் டெல்லியில் உட்கார்ந்து விதி எழுதியவர்கள் என் வீட்டுக்காரியின் கண்ணை அளவெடுத்துக்கொண்டு போனமாதிரி அவ்வளவு பொருத்தம்.

மச்சினன் எல்.ஈ.டி.யைப் போட்டான். தெருக்கோடி வரை பகலானது. இரண்டு நாய்கள் எழுந்து இடம் மாறின.

“எங்க இருக்கிய?” என்றாள் மனைவி.

“காருக்குள்ளதான்.”

“கார் எங்க இருக்கு?”

அதை அணைத்துவிட்டு, ஹெட்லைட்டை மட்டும் டிம்மில் போடச் சொன்னேன். கொஞ்ச நேரம் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். “இப்பத் தெரியுது. சட்டையத் திருப்பிப் போட்டிருக்கிய” என்றாள். சட்டத்தின் கண் தீர்ப்பு சொல்லிவிட்டது. எல்.ஈ.டி. விளக்குகள் அட்டைப் பெட்டிக்கே திரும்பின. துவாரங்கள் மட்டும் பம்பரில் தங்கிவிட்டன.

பட்டறைக்குப் போனோம். அங்கிருந்த அண்ணாச்சி குனிந்து உடைந்த பனிவிளக்கைப் பார்த்தார். குச்சியால் தட்டினார். ஆடிக்கொண்டிருந்த கண்ணாடித் துண்டுகளைப் பிடுங்கிப் போட்டார். வயர் முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி உள்ளே தள்ளினார். “அவ்வளவுதான் சார். குத்தக் கூடாது, தொங்கக் கூடாது, ஷார்ட் ஆகக் கூடாது. இதுக்காக வண்டிய நிறுத்த மாட்டாங்க” என்றார். அதற்கு மேல் அவர் கேட்ட கேள்விகள் எனக்குப் பிடிக்கவில்லை. வைப்பர் ரப்பர் மாத்தி எவ்வளவு நாளாச்சு? ஹெட்லைட் கண்ணாடி ஏன் இப்படிப் பழுத்துக் கிடக்கு? டயர்ல பட்டன் இருக்கா? நான் ஃபாக் லைட்டைப் பற்றிப் பேச வந்திருப்பதாக நினைவுபடுத்தினேன். வைப்பர் ரப்பரை மாற்றினார். ஹெட்லைட்டைப் பாலிஷ் போட்டார். பழுப்பு போனதும் அந்த விளக்கு கொடுத்த வெளிச்சத்தைப் பார்த்தபோது, இத்தனை வருஷம் நான் இரவில் ஓட்டியதெல்லாம் ஞாபகத்தில்தான் என்று தெரிந்தது.

காட்ட வேண்டிய நாள் வந்தது. காருக்குச் சந்தனம், குங்குமம். எனக்கு இஸ்திரி போட்ட சட்டை, சரியான பக்கத்தில். வரிசையில் ஆட்டோ, வேன், டிராக்டர், ஸ்கூல் பஸ். எல்லா வண்டியும் குளித்து நின்றன. ஓட்டி வந்தவர்கள்தான் குளிக்காமல் வந்திருந்தார்கள். நான் ஒரு ஃபைல் வைத்திருந்தேன். 62, 105, 106, 111 ஆகிய விதிகள், ஏ.ஐ.எஸ். 008, தேவைப்பட்டால் பிரிட்டன்.

ஆய்வாளர் வந்தார். பேப்பரையும் வண்டியையும் ஒத்துப் பார்த்தார். சேசிஸ் நம்பரைக் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள். ஹாரன் அடிக்கச் சொன்னார். பிரேக் போடச் சொன்னார். இண்டிகேட்டர், வைப்பர், ஹை பீம், டிம். எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. வீட்டில் ஒன்றும் கேட்காது. வெளியே மானத்தைக் காப்பாற்றியது. பிறகு குனிந்து இடது பம்பரைப் பார்த்தார். ஃபைலைத் திறந்தேன்.

“சார், முன்பக்கப் பனிவிளக்கு என்பது சட்டப்படி கட்டாயமான ஒன்று அல்ல. 105-ஆவது விதி கேட்பது 155 மீட்டர் முன்னால் இருப்பதைத் தெளிவாகக் காட்டும் முன்விளக்குகளை. 106-ஆவது விதி கேட்பது...”

அவர் பொறுமையாகக் கேட்டார். ஒரு மூச்சுக்கு நான் நிறுத்திய இடத்தில், “கண்ணாடி நீட்டிக்கிட்டு இருக்கான்னு பாத்தேன் சார். இல்ல. பின்னாடி வாங்க” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் என் வாரக்கணக்கான ஆராய்ச்சி முடிந்துபோயிற்று. ஃபைலை எந்தக் கையில் வைப்பது என்று தெரியாமல் பின்னால் போனேன்.

“பார்க் லைட்டைப் போடச் சொல்லுங்க” என்றார். மச்சினன் போட்டான். ஆய்வாளர் பின் நம்பர் பிளேட்டுக்கு மேலே உள்ளங்கையைக் குடையாக வைத்து, நிழல் உண்டாக்கிக் குனிந்து பார்த்தார். “நம்பர் பிளேட் பல்பு எரியலையே சார்.”

நம்பர் பிளேட்டுக்கு பல்பா? அப்படி ஒன்று என் காரில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பிளேட்டுக்கு மேலே, விரல் நுனி அளவுக்கு ஓர் இடுக்கில், வாங்கின நாளிலிருந்து அது இருந்திருக்கிறது. ராத்திரியில் 15 மீட்டர் தூரத்திலிருந்து நம்பரைப் படிக்கும்படி அதன்மேல் வெள்ளை வெளிச்சம் விழ வேண்டும் என்பது சட்டம். எந்தச் சட்டம்? நான் ஃபைலில் வைத்திருந்த அதே 105-ஆவது விதி. முன்விளக்கு வரை படித்துவிட்டு மூடியிருந்தேன்.

வெளியே ஒரு கடையில் அந்த பல்பு கிடைத்தது. டீ வடையை விடக் கொஞ்சம் அதிகம் விலை. மாட்டினோம். மறுபடி உள்ளங்கைக் குடை. எரிந்தது. கையெழுத்துப் போட்டார். ஐந்து வருஷம்.

இதிலிருந்து வாசகர்களுக்கு உபயோகமாக ஏதாவது சொல்ல வேண்டும். முன்பக்கப் பனிவிளக்கு உடைந்திருப்பதற்காகப் பயந்து சாக வேண்டாம். அது இல்லாத வண்டியும் சட்டப்படி முழு வண்டிதான்; கீழ்த் தினுசுக் கார்கள் அது இல்லாமலேதான் பிறக்கின்றன. ஆனால் ‘மற்ற விளக்குகள்’ என்ற வரியைக் காட்டி, பொருத்தியிருப்பது எல்லாம் எரியட்டுமே என்று கேட்கும் ஆய்வாளரும் இருக்கலாம். ஆகவே இரண்டும் எரியட்டும், இல்லாவிட்டால் இரண்டும் இல்லாமல் போகட்டும். கூர் நீட்டக் கூடாது, வயர் தொங்கக் கூடாது. அதற்குப் பதிலாக இன்னொன்றை மேலே வாங்கி மாட்டக் கூடவே கூடாது. போகும் முன் ஒரு ராத்திரி வண்டியின் பின்பக்கம் போய் நின்று பார்த்துவிடுங்கள். நாம் முகத்துக்குத்தான் பவுடர் போடுகிறோம். சட்டம் முதுகையும் பார்க்கிறது.

பட்டறை அண்ணாச்சியின் யோசனைப்படி வலது பக்கத்து நல்ல விளக்கையும் கழற்றிவிட்டோம். இரண்டு குழிக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடி போட்டார். அது என்ன மூடி என்று கேட்டேன். முதல் தினுசுக் காருக்குக் கம்பெனியிலேயே போட்டு வரும் மூடியாம். பதினைந்து வருஷம் பொறுத்திருந்து, அதிகப் பணம் கொடுத்து, ஐயாயிரம் ரூபாய் கட்டணமும் கட்டி, கடைசியில் முதல் தினுசுக்கு வந்து சேர்ந்தேன்.

அட்டைப் பெட்டியை எடுத்துப் போக வந்த மச்சினன், தான் புதுக் கார் வாங்கப் போவதாகச் சொன்னான். போனில் இரண்டு விலைப்பட்டியலைக் காட்டினான். இரண்டும் ஒரே வண்டி. ஒன்றில் ஃபாக் லைட் இல்லை, ஒன்றில் உண்டு, விலையில் கணிசமான வித்தியாசம். “இப்ப உங்களுக்குத்தான் எல்லா ரூல்ஸும் தெரியும்லா அத்தான். எது எடுக்கட்டும்?”

மனைவி காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். எனக்கு 105 தெரியும், 106 தெரியும், 111 தெரியும். இயற்பியல் தெரியும். பிரான்ஸ் தெரியும், பிரிட்டன் தெரியும். இரண்டு பட்டியலையும் நிதானமாகப் படித்தேன்.

“ஃபாக் லைட் உள்ளதையே எடு மாப்ள” என்றேன். “புளியரைல பனி இறங்கினா என்ன செய்வ?”